புது ரேடியேட்டர் போட்ட பழைய கார்: தனியாரிடம் வாங்கிய ஒரு வண்டியின் நிகழ்வு ஆய்வு

ஒன்பது வயதான 1.6 லிட்டர் பெட்ரோல் கார், ஐந்து கியர் மேனுவல். மீட்டரில் 68,412 கிலோமீட்டர். 'ஒரே ஓனர், வீட்டு உபயோகம், விபத்து இல்லை' என்று விளம்பரம். வாங்கியவர் மாலை ஆறரைக்கு மேல் போய், முக்கால் மணி நேரம் பார்த்து, அப்போதே முழுப் பணத்தையும் கொடுத்து ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஒன்றரை மாதத்துக்குள் ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல் பகுதியான ஹெட்டுக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) போனது. முன்சீட்டுப் பயணிக்கான ஏர்பேக் உள்ளே இல்லை என்று தெரிந்தது. மீட்டர் குறைத்துத் திருப்பப்பட்டது உறுதியானது. கடன் பாக்கியால் பெயர் மாற்றமும் நின்றது.

ஒரே வண்டியில் இத்தனையும் சேர்ந்து வருவது அரிது. பழைய கார்களில் திரும்பத் திரும்பத் தென்படும் குறைகளைக் கோத்து அமைத்த மாதிரி நிகழ்வு இது. வண்டியின் எண்களும் விளக்கத்துக்கானவையே. ஆனால் கோத்த விதம் நிஜமானது. முன்பக்கம் வாங்கிய ஒரே இடி, பல மாதம் கழித்து ஐந்து இடத்தில் ஐந்து விதமாக வெளியே வரும். அந்த ஐந்தில் நான்கை அன்று மாலையே பார்த்திருக்க முடியும். பார்த்த நேரத்தையும் பார்த்த வரிசையையும் விற்றவரே அமைத்துக் கொடுத்தார். கோட்டைவிட்டதற்குக் காரணம் அதுதான்.

அந்த மாலை

போனபோது என்ஜின் சூடாக இருந்தது. "இப்பத்தான் பெட்ரோல் போட்டுட்டு வந்தேன் சார்" என்றார் விற்றவர். வண்டி கழுவி ஈரம் காயாமல் நின்றது. என்ஜின் அறையும் கழுவப்பட்டுப் பளபளத்தது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்து காட்டியது விற்றவர்தான். பிறகு நான்கு கிலோமீட்டர், சமதளச் சாலை, ஏசி ஓட, பாட்டு ஓட.

ஒவ்வொன்றும் தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் ஒவ்வொன்றும் எதையோ மறைக்கிறது. ஈரம், கீறலையும் பெயிண்ட் அலையையும் நிரப்பிவிடும். நிற வேறுபாடு பகல் வெளிச்சத்தில், காய்ந்த பரப்பில்தான் தெரியும். கழுவிய என்ஜினில் ஆயில் கசிவின் தடம் இருக்காது. இவற்றில் பெரியது சூடான என்ஜின். வால்வு சீல் தேய்ந்திருந்தால் இரவெல்லாம் நின்ற வண்டியின் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை ஒரு கொத்தாக வந்து மறையும். டைமிங் செயின் தளர்ந்திருந்தால் முதல் சில நொடிகள் கடகடவென்று சத்தம் கேட்கும். பேட்டரி பலவீனமும் டீசல் என்ஜினின் குளோ பிளக் பழுதும் அப்போதுதான் தெரியும். இந்த வண்டியில் நடந்ததும் அப்படித்தான்: கேஸ்கெட் வழியாக இரவில் கசிந்த கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஒரு சிலிண்டரில் தங்கி, காலையில் முதல் ஒரு நிமிடம் அந்தச் சிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ்ஸிங் அடித்தது. சூடாகிவிட்டால் அந்த அறிகுறியே கிடையாது.

'நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்' என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போனதும் பானட்டில் கை வைத்துப் பார்க்கலாம். அதைவிட நம்பகமானது, வண்டியின் கணினியில் உள்ளதைப் படித்துக் காட்டும் ஸ்கேனர். இக்னிஷனை மட்டும் போட்டு, கூலண்ட் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் ஒப்பிட வேண்டும். இரவெல்லாம் நின்ற வண்டியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். காற்று 24 டிகிரி, கூலண்ட் 51 டிகிரி என்று காட்டினால் யாரோ முன்பே ஓட்டியிருக்கிறார்கள். அப்படியானால் சண்டை எதுவும் வேண்டாம், 'நாளை காலை வருகிறேன்' என்றால் போதும். அதற்கு விற்றவர் என்ன சொல்கிறார் என்பதே பாதி ஆய்வு.

38 கிலோமீட்டர்

மூன்றாவது வாரம் என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் வந்த கோடு, அதாவது பிழைக் குறியீடு, பி0420: புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் வரம்புக்குக் கீழே போய்விட்டது. பயனுள்ள தகவல் வேறொரு வரியில் இருந்தது. கோடுகள் அழிக்கப்பட்டதிலிருந்து ஓடிய தூரம்: 550 கிலோமீட்டர். அன்று மீட்டர் 68,924. வாங்கிய பின் ஓடியது 512. கைமாறுவதற்கு 38 கிலோமீட்டர் முன்பு யாரோ அந்தக் கோடுகளை அழித்திருக்கிறார்கள்.

சில வண்டிகளில் பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் இந்த எண் பூஜ்ஜியத்துக்குப் போகும். ஆகவே இதை வைத்து மட்டும் விற்றவரைக் குற்றம் சாட்ட முடியாது. கேள்வி கேட்க இது போதும். பேட்டரி பழையதாக இருந்து, இந்த எண் மட்டும் புதிதாக இருந்தால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

விளக்கு ஏன் மூன்று வாரம் எரியவில்லை? கோடுகளை அழித்ததும் என்ஜின் கணினி தன் சுயசோதனைகளை முதலிலிருந்து தொடங்குகிறது. சிலிண்டர் சரியாக எரிகிறதா என்று பார்க்கும் மிஸ்ஃபயர் சோதனை என்ஜின் ஓடும்போதெல்லாம் நடக்கும். கன்வெர்ட்டரைப் பார்க்கும் கேட்டலிஸ்ட் சோதனைக்கு என்ஜின் நன்கு சூடாகி, சீரான வேகத்தில் ஓடுவது போன்ற நிபந்தனைகள் பொருந்தி வர வேண்டும். அதற்கு மேல், பல கோடுகளுக்கு அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் குறை தெரிந்தால்தான் விளக்கு எரியும். ஊருக்குள்ளேயே சிறு தூரம் ஓட்டுபவருக்கு இது வாரக்கணக்கில் இழுக்கும். அதனால்தான் 'கோடு எதுவும் இல்லை' என்ற ஸ்கேன் முடிவை மட்டும் நம்பக் கூடாது. அதே திரையில் 'ரெடினஸ்' பகுதியைத் திறந்து பாருங்கள். கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார் சோதனைகள் முடியவில்லை என்று காட்டினால், கோடில்லாத அந்தச் சுத்தம் சமீபத்தில் செய்யப்பட்டது.

ஸ்கேனர் மாட்டும் 16 பின் சாக்கெட் பெரும்பாலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம் இருக்கும். அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோல் கார்களுக்கு 2001, டீசல் கார்களுக்கு 2004 முதலும் இது கட்டாயம். எளிய புளூடூத் கருவியே இந்த இரண்டு தகவலையும் காட்டிவிடும்.

ரேடியேட்டரில் தொடங்கி ஹெட் வரை

விற்றவர் பெருமையாகக் காட்டிய பொருள் ஒன்று உண்டு. "ரேடியேட்டர், கண்டென்சர் ரெண்டும் புதுசு." வாங்கியவர் அதை லாபக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். ஒன்பது வயது வண்டியில் ரேடியேட்டர் மாற்றியிருப்பது இயல்பு. ரேடியேட்டரும், அதற்கு முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சரும், இடது ஹெட்லைட்டும் ஒரே காலத்தில் மாறியிருந்தால் அது தேய்மானம் அல்ல, இடி. பழைய காரில் புதுப் பாகம் கண்ணில் பட்டால் 'ஏன் மாற்றினீர்கள்' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

பெயிண்ட் தடிமன் அளக்கும் கருவி வைத்துப் பின்னர் பார்த்தபோது கூரையில் 110 மைக்ரான், வலது ஃபெண்டரில் (முன் சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகடு) 105, பானட்டில் 240, இடது ஃபெண்டரின் ஓரிடத்தில் 900. கம்பெனி பெயிண்ட் பொதுவாக 80 முதல் 180 மைக்ரானுக்குள் இருக்கும். 200 தாண்டினால் மேலே மறுபடி அடித்த பெயிண்ட். 500 தாண்டினால் அடியில் பெரும்பாலும் பள்ளம் நிரப்பும் பட்டி. முதலில் கூரையை அளந்து அந்த வண்டிக்கான இயல்பு எண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அங்கே யாரும் அவ்வளவாக இடிப்பதில்லை. பிளாஸ்டிக் பம்பரில் இந்தக் கருவி வேலை செய்யாது. அலுமினியப் பானட் என்றால் அதையும் அளக்கும் வகைக் கருவி வேண்டும்.

கருவி இல்லாதவருக்கு ஸ்க்ரூ தலைகள் போதும். பானட்டைத் தூக்கினால் ஃபெண்டரைப் பிடிக்கும் போல்ட் வரிசை தெரியும். கம்பெனியில் பாடியோடு சேர்த்துப் பெயிண்ட் அடிக்கப்பட்ட போல்ட்டில் ஸ்பானர் பட்டால் மூலைகளில் பெயிண்ட் உதிரும். வலப்பக்க போல்ட்டுகள் முழுசாக இருந்து இடப்பக்கம் மட்டும் உதிர்ந்திருந்தால் அந்த ஃபெண்டர் கழன்றிருக்கிறது. அடுத்துக் குனிந்து, சக்கரத்துக்கு மேலே உள்ளே ஓடும் ஏப்ரனையும், முன்பக்கம் நீளும் சேசிஸ் தண்டையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கம்பெனி ஸ்பாட் வெல்டிங் சிறு வட்டக் குழிகளாகச் சம இடைவெளியில் போகும். ஒரு பக்கம் குழிகள், மறுபக்கம் சொரசொரப்பான வெல்டிங் அல்லது தடித்த சீலண்ட் பூச்சு என்றால் டிங்கரிங் வேலை எலும்பு வரை போயிருக்கிறது. ஃபெண்டர் மாறியது பேரத்துக்கான விஷயம். சேசிஸ் தண்டு வளைந்து நிமிர்த்தப்பட்டது அப்படியல்ல. இந்த வண்டியில் தண்டு தப்பித்திருந்தது. ஏப்ரன் நுனி மட்டும் நிமிர்த்தப்பட்டிருந்தது.

இடியில் ரேடியேட்டர் உடைந்து கூலண்ட் கொட்டிய பிறகும் வண்டி கொஞ்ச தூரம் ஓடியிருக்கிறது. அங்கேதான் பிரச்சினையின் வேர். அலுமினிய ஹெட் அதிகச் சூட்டில் வளையும். அதன் தட்டைப் பரப்பில் அனுமதிக்கப்படும் வளைவு பெரும்பாலான என்ஜின்களில் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் வரைதான். அதைத் தாண்டினால் கேஸ்கெட் முழுதாக அழுந்தாது. முதலில் மிகச் சிறிய கசிவு. சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டுக்குள் போகும், கூலண்ட் சிலிண்டருக்குள் வரும். எரிந்த கூலண்டில் உள்ள சேர்மங்கள் ஆக்சிஜன் சென்சாரிலும் கன்வெர்ட்டரிலும் படிந்து அவற்றைக் கெடுக்கும். பி0420 வந்தது அந்த வழியில். அந்தக் கோடைப் பார்த்துக் கன்வெர்ட்டரை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் சில மாதத்தில் அதே கதிக்குப் போயிருக்கும்.

வாங்கும் முன் இதைப் பிடிக்கும் முறை எளிது. என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது மட்டும் கூலண்ட் டேங்க் மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிக்கும் நீர் முகத்தில் அடிக்கும். ஸ்டார்ட் செய்து பார்த்தால் முதலில் சில குமிழி வரலாம். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் சந்தேகம். மூடியை மூடிய பின், இன்னும் சூடேறாத நிலையிலேயே மேல் ஹோஸ் ஓரிரு நிமிடத்தில் கல்லாக இறுகினாலும் அப்படித்தான். ஒர்க் ஷாப்பில் நீல நிறத் திரவம் கொண்ட சிறு குழாயை டேங்க் வாயில் வைத்துக் காற்றை இழுப்பார்கள். பெட்ரோல் என்ஜினில் எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். ஆயில் மூடியின் அடியில் பால் போன்ற படலம் இருப்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். சிறு தூரமே ஓடும் வண்டியில் வெறும் ஈரப்பதமும் அதைச் செய்யும்.

பழுது பார்த்தபோது ஹெட்டைக் கழற்றி, பரப்பைச் சமன் செய்து, புதுக் கேஸ்கெட்டும் புது ஹெட் போல்ட்டுகளும் போட வேண்டியிருந்தது. பல என்ஜின்களில் அந்தப் போல்ட்டுகள் இறுக்கும்போது நீண்டுகொடுக்கும் வகை; ஒருமுறைதான் பயன்படும். டைமிங் பெல்ட்டை எப்படியும் கழற்றுவதால் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் அப்போதே மாற்றிவிடுவதுதான் கணக்குக்குச் சரி.

ஏர்பேக் விளக்கு

இடியில் விரிந்த ஏர்பேக்குக்குப் பதில் புதியது வைக்காமல் விட்டிருந்தார்கள். இந்த வண்டியில் உயிரோடு விளையாடிய குறை இதுதான். மற்ற எல்லாவற்றையும் விடச் சுலபமாகத் தெரிந்திருக்கக் கூடியதும் இதுதான்.

சாவியை 'ஆன்' நிலைக்கு மட்டும் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் நிறுத்த வேண்டும். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் கிளட்ச்சோ பிரேக்கோ மிதிக்காமல் பட்டனை ஒன்றிரண்டு முறை அழுத்தினால் அதே நிலை வரும். இப்போது என்ஜின், ஆயில், பேட்டரி, ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகள் எரியும். ஏர்பேக், ஏபிஎஸ் விளக்குகள் தங்கள் சோதனையை முடித்துச் சில நொடிகளில் தாமாகவே அணைய வேண்டும். ஆயில், பேட்டரி விளக்குகள் என்ஜின் ஓடும் வரை எரிந்துகொண்டே இருக்கும்.

ஏர்பேக் விளக்கு எரியவே இல்லையென்றால் பல்பு பிடுங்கப்பட்டிருக்கலாம். இந்த வண்டியில் செய்திருந்தது அதைவிடத் தந்திரமானது: ஏர்பேக் விளக்கை ஆயில் விளக்கின் ஒயரோடு இணைத்திருந்தார்கள். இரண்டும் ஒன்றாக எரிந்து, என்ஜின் ஓடியதும் ஒன்றாக அணைந்தன. சாவியை ஒரே இழுப்பில் திருப்பி ஸ்டார்ட் செய்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. 'ஆன்' நிலையில் பத்து நொடி பொறுத்திருந்தால் ஏர்பேக் விளக்கு அணையாமல் நின்றிருக்கும். ஸ்டார்ட் செய்து காட்டும் வேலையை விற்றவரிடம் விடக் கூடாது என்பது இதனால்தான்.

விளக்கு சரியாக அணைந்தாலும் முழு நிம்மதி இல்லை. ஏர்பேக் இருந்த இடத்தில் சில ஓம் மதிப்புள்ள ரெசிஸ்டரைச் சொருகினால் கணினி அதை ஏர்பேக் என்றே நம்பிவிடும். அதனால் கண்ணும் தேவை: டேஷ்போர்டில் பயணி பக்கத்து மூடியின் விளிம்பு, நிறம், தையல் மற்ற பகுதியோடு ஒத்துப்போகிறதா? சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்தால் அடியில் தயாரிப்புத் தேதி லேபிள் இருக்கும்; வண்டியின் வயதோடு அது பொருந்த வேண்டும். இழுத்த பெல்ட்டின் கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் அது வேறு கதை, வெள்ளத்தில் நின்ற வண்டி. அப்போது சீட்டின் அடிக் கம்பிகளில் துரு, ஸ்டெப்னி குழியில் வண்டல், ஒயர் கனெக்டர்களில் பச்சை பூத்திருப்பது ஆகியவற்றையும் தேட வேண்டும். வாசனைத் திரவியம் தூக்கலாக அடிக்கும் காரில் இந்தத் தேடல் கட்டாயம்.

மீட்டர்

டிஜிட்டல் மீட்டரைத் திருப்புவது கருவி உள்ளவருக்குச் சில நிமிட வேலை. ஆனால் வண்டியில் தூரத்தைக் குறித்து வைப்பது மீட்டர் மட்டுமல்ல. பல வண்டிகளில் ஏபிஎஸ், கியர்பாக்ஸ், ஏர்பேக் கணினிகள் தங்கள் குறைகளைப் பதியும்போது அப்போதைய கிலோமீட்டரையும் சேர்த்துப் பதியும். அந்த நிறுவனத்துக்கான முழு ஸ்கேனரை மாட்டியபோது இந்த வண்டியின் ஏபிஎஸ் கணினியில் 1,31,206 கிலோமீட்டரில் விழுந்த பழைய வீல் சென்சார் கோடு ஒன்று கிடந்தது. மீட்டரோ அறுபத்தெட்டாயிரத்தில்.

இதற்கு ஸ்கேனர்கூடத் தேவைப்பட்டிருக்காது. டைமிங் பெல்ட் மூடியில் பாதி கிழிந்த ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது; பெல்ட் மாற்றிய ஒர்க் ஷாப் ஒட்டியது. தேதி போய்விட்டது, கிலோமீட்டர் எண்ணில் '92' என்ற தொடக்கமும் பக்கத்தில் மூன்று இலக்கமும் மிஞ்சியிருந்தன. என்ஜின் அறையைக் கழுவியவர் இதைக் கவனிக்கவில்லை. பானட்டின் அடி, கதவு நிலை, சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கம், கையுறைப் பெட்டியின் மூலை என எல்லா இடத்திலும் இப்படி ஒரு துண்டு கிடக்கக்கூடும். தேய்மானமும் பேசும்: கிளட்ச் பெடல் ரப்பரின் வரிகள் மழுங்கி, ஓட்டுநர் சீட்டின் வெளி ஓரம் நசுங்கி, ஸ்டீயரிங் வழவழத்துப் போன வண்டி அறுபத்தெட்டாயிரம் என்று சொன்னால் நம்பத் தயங்க வேண்டும். பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும்தான்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். நான்கு டயரும் ஒரே வயதா, ஒரு டயர் உட்புறம் மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த வண்டியில் முன் இடது டயரின் உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. இடி வாங்கிய அதே மூலை.

காகிதம்

இந்தப் பகுதியை முதலில் பார்த்திருந்தால் மேலே உள்ள எதையும் பார்க்கவே வேண்டியிருந்திருக்காது. பதிவுச் சான்றில் இருந்த பெயர் விற்றவருடையது அல்ல. கேட்டதற்கு, "அண்ணன் பேர்ல இருக்கு சார், அவர் வெளியூர்ல இருக்கார்" என்று பதில். அண்ணனோடு போனில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. வண்டியின் மேல் கடன் நிலுவையில் இருந்தது. பல நாடுகளில் கடன் கொடுத்த நிறுவனத்தின் உரிமை வண்டியோடேயே ஒட்டிக்கொண்டு வரும். யார் பணம் கொடுத்து வாங்கினாலும் அது போகாது.

கடன் இருப்பதாலேயே வண்டியை ஒதுக்கத் தேவையில்லை. நிலுவை எவ்வளவு என்று கடன் கொடுத்த நிறுவனத்திடமிருந்தே எழுத்தில் வாங்கி, அந்தத் தொகையை நேரடியாக அவர்களுக்குக் கட்டி, மீதியை மட்டும் உரிமையாளருக்குக் கொடுக்கலாம். 'நான் கட்டிடறேன், நீங்க முழுசா கொடுங்க' என்பதற்கு மட்டும் சம்மதிக்கக் கூடாது.

சேசிஸ் நம்பர் 17 எழுத்து. அதில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வராது, 1, 0 ஆகியவற்றோடு குழம்பும் என்பதால். முன் கண்ணாடியின் அடியில், கதவு நிலையில், பாடியில் அச்சடித்த இடத்தில், காகிதத்தில் என நான்கையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். அச்சடித்த இடத்தில் ராவிய தடமோ, அங்கே மட்டும் புதுப் பெயிண்டோ இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அதே எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் ரீகால் பட்டியலையும் (குறை சரிசெய்யத் திரும்ப அழைத்த வண்டிகள்) பார்த்துவிடலாம்.

தனியார் போல நடிக்கும் புரோக்கரைப் பிடிக்க ஒரு பழைய உத்தி உண்டு. போன் செய்து, "கார் விஷயமா கூப்பிட்டேங்க" என்று மட்டும் சொல்ல வேண்டும். "எந்தக் காருங்க?" என்று பதில் வந்தால் அவரிடம் ஒன்றுக்கு மேல் இருக்கிறது.

எதற்குப் பேரம், எதற்குத் திரும்பி நடை

டயர், பேட்டரி, பிரேக் டிஸ்க், ஏசி, கிளட்ச் எல்லாம் பேரத்துக்குரியவை. செலவு என்ன ஆகும் என்று கணிக்க முடியும். கிளட்ச்சைச் சோதிக்க, நான்காவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்துங்கள். ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் வழுக்குகிறது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக ஓட்டும்போது டக் டக் என்றால் ஆக்சில் ஜாயிண்ட். வெறும் சாலையில் 60-லிருந்து அழுத்திப் பிரேக் பிடித்தால் சைடு வாங்குகிறதா என்று தெரியும். பேட்டரியில் நிற்கும்போது 12.4 வோல்ட்டுக்கு மேலும், ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.7 வரையும் வர வேண்டும். ஒற்றைப் பேனலில் மறுபெயிண்ட் குற்றமே இல்லை.

சேசிஸ் தண்டில் வேலை, வெள்ளம், காணாமல் போன ஏர்பேக், பொருந்தாத எண், உரிமையாளர் முகம் காட்டாத விற்பனை ஆகிய ஐந்துக்கும் விலை குறைத்துக் கேட்பதில் அர்த்தமில்லை. குளிர்ந்த என்ஜினையோ, ஒர்க் ஷாப் லிஃப்ட்டையோ மறுப்பவரையும் அதே வரிசையில் சேர்க்கலாம். லிஃப்ட்டில் ஒரு மணி நேரம் பார்க்கக் கொடுக்கும் கூலி, வாங்காமல் திரும்பினாலும் வீணல்ல.

பணம் கைமாறும்போது

வாங்கியவரின் கையில் இருந்த ஒரே காகிதத்தில் 'உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது' என்ற ஒரு வரி. 'விபத்து இல்லை' என்று சொன்ன விளம்பரம் மறுநாளே நீக்கப்பட்டுவிட்டது. அவர் அதைப் படம் எடுத்து வைக்கவில்லை. தனியார் விற்பனையில் பெரும்பாலும் உத்தரவாதம் கிடையாது, ஆனால் தெரிந்தே எழுத்தில் சொன்ன பொய்க்கு அந்த ஒரு வரி பல நாட்டுச் சட்டங்களில் பாதுகாப்பாகாது. எழுத்து இல்லாத இடத்தில் அந்த வழியும் அடைபடுகிறது.

ஆகவே விளம்பரத்தை முதல் நாளே சேமிக்க வேண்டும். முக்கியமான கேள்விகளை, விபத்து நடந்ததா, கிலோமீட்டர் உண்மையா, கடன் உண்டா என்பதை, குறுஞ்செய்தியில் கேட்டுப் பதில் வாங்க வேண்டும். வண்டியைப் பார்க்கும் முன் முன்பணம் அனுப்பக் கூடாது. மொத்தத் தொகையைப் பதிவு செய்த உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே அனுப்ப வேண்டும். ஒப்பந்தத்தில் இருவர் பெயர், சேசிஸ் எண், மீட்டர் அளவு, விற்றவர் ஒப்புக்கொண்ட குறைகள், ஒப்படைத்த சாவிகள் எத்தனை, தேதி, அதோடு மணி. மணி எதற்கென்றால், அன்று காலை வேறு யாரோ ஓட்டியபோது விழுந்த அபராதமும் நடந்த மோதலும் மாலையில் வாங்கியவர் தலையில் வந்து நிற்காமல் இருப்பதற்கு.